உப்பு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம்: லூபெக் நகரின் கதை

பால்டிக் பேருக்குத்தான் கடல். ஒரு மடக்கு வாயில் விட்டுப் பார்த்தால் உப்பு குறைவாகப் போட்ட கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். பெருங்கடலில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்றால், பால்டிக்கின் நடுப்பகுதியில் 7, 8 கிராம்தான். வடக்கே பின்லாந்துப் பக்கம் போகப் போக அதுவும் குறைந்து, கிட்டத்தட்ட ஆற்றுத் தண்ணீராகவே ஆகிவிடும். சுற்றிலும் இருந்து பெரிய ஆறுகள் வந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. வெளியே போக டென்மார்க்கை ஒட்டிய குறுகலான நீரிணைகளை விட்டால் வழி கிடையாது. வெயிலும் போதாது. அதனால் பாத்தி கட்டிக் கடல்நீரைக் காயவைத்து உப்பெடுக்கும் வேலை அங்கே நடக்காத காரியம்.

ஆனால் மீன் இருந்தது, கணக்கில்லாமல். மீன் இருந்து உப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்று மீன் விற்கும் வீட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐஸ் பெட்டியெல்லாம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால், யாராவது ஒருவர் உப்பைக் கொண்டுவந்து மீனுக்குப் பக்கத்தில் வைத்தாக வேண்டும். அந்த வேலையை எடுத்துக்கொண்ட ஊர்தான் லூபெக். இன்று வட ஜெர்மனியில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நம் கணக்கில் நடுத்தர நகரம். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்யாவின் நோவ்கொரோத் வரை இந்த ஊர்ப் பேரைச் சொன்னால் கடையில் கடன் கிடைக்கும்.

இத்தனைக்கும் ஊர் கடற்கரையில் இல்லை. ட்ராவே என்ற ஆற்றில் சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்தில் இருப்பது ட்ராவெமுண்டே. அதை லூபெக் 1329இல்தான் வாங்கிச் சேர்த்துக்கொண்டது.

சரி, கடலாடும் ஊர் ஏன் கடலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது? ஒரு காரணம் கொள்ளையர் பயம். இன்னொன்று நிலத்தின் அமைப்பு. ட்ராவே ஒரு பக்கமும் வாக்கெனிட்ஸ் என்ற சின்ன ஆறு மறுபக்கமும் வளைந்து, நடுவே முட்டை வடிவில் ஒரு மேட்டை விட்டுவைத்திருக்கின்றன. நீளம் சுமார் 2 கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. தரைவழியாக நுழைய வடக்கே ஒரு குறுகலான கழுத்து மட்டும். அந்தக் கழுத்தில் ஒரு கோட்டையைக் கட்டிவிட்டால் மீதிக் காவலை ஆறே பார்த்துக்கொள்ளும். அக்காலக் கப்பல்கள் ஆழமில்லாத தண்ணீரிலும் மிதக்கக்கூடியவை. ஆற்றில் ஏறிவந்து ஊரின் வாசலிலேயே சரக்கை இறக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒரு தூரம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். டென்மார்க்கின் ஜட்லாந்து மேல்நோக்கி விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. விரலுக்குக் கிழக்கே பால்டிக், மேற்கே வடகடல். ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குக் கப்பலில் போகவேண்டுமானால் விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு, புயலும் மணல்திட்டும் நிறைந்த பாதையில் போகவேண்டும். ஆனால் விரலின் அடிப்பகுதியில் பால்டிக்கின் தென்மேற்கு மூலையில் லூபெக். அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க். ஹாம்பர்க்கிலிருந்து ஆறு நேரே வடகடலுக்கு இறங்குகிறது. மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ இருந்தால் இரண்டு கடலையும் இரண்டு, மூன்று நாளில் இணைத்துவிடலாம். லூபெக்கின் செல்வம் முழுவதும் இந்த 60 கிலோமீட்டரில் இருந்தது. அதன் சரிவும் அதே இடத்திலிருந்துதான் வந்தது.

ஒரு பங்காளிச் சண்டை

ஊருக்கு முதலில் பேர் வைத்தவர்கள் ஜெர்மானியர் அல்லர். ஸ்லாவ் இனத்தவரின் லியுபிட்சே என்ற குடியிருப்பு ஆற்றில் சில கிலோமீட்டர் கீழே இருந்தது. அன்பு, இனிமை என்ற பொருள் தரும் வேர்ச்சொல் அது. 1138இல் அதை அழித்துவிட்டார்கள். 1143இல் ஹோல்ஷ்டைன் பிரபு இரண்டாம் அடால்ஃப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, இப்போதைய மேட்டில் புது ஊரைக் கட்டினார்.

ஊர் வளர்ந்த வேகம் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அடால்ஃபுக்கு மேலாளரான சாக்ஸனி கோமகன், 'சிங்கம்' என்று பட்டம் பெற்ற ஹென்றி, தன் சந்தையிலிருந்து வியாபாரிகள் எல்லோரும் லூபெக்குக்குப் போய்விட்டார்கள் என்று கடுப்பானார். பங்கு கேட்டார். அடால்ஃப் கொடுக்கவில்லை. ஹென்றி லூபெக்கின் சந்தையை மூடச்சொன்னார். அத்தோடு விடவில்லை, பக்கத்து ஓல்டெஸ்லோவில் அடால்ஃபுக்கு இருந்த உப்பு ஊற்றுகளையும் அடைத்துவிட்டார். காரணம், ஹென்றியின் சொந்த உப்பு லூனபுர்க்கில் இருந்தது. ஆக இந்தக் கதையில் உப்பு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

1157இல் ஊர் தீப்பிடித்து எரிந்தது. பக்கத்தில் ஹென்றி புதிதாக ஒரு 'சிங்க நகரம்' கட்டிப் பார்த்தார். தண்ணீர் ஆழம் போதவில்லை, சரிப்படவில்லை. கடைசியில் 1159இல் அடால்ஃப் இடத்தை விட்டுக்கொடுக்க, ஹென்றி பழைய மேட்டிலேயே ஊரைத் திரும்பக் கட்டினார். அதன்பின் சில காலம் டென்மார்க்கின் ஆட்சி. 1226இல் பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக், இனி இந்த ஊருக்கு எந்தப் பிரபுவும் கிடையாது, நேரே பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்டது என்று பட்டயம் கொடுத்தார். அந்தத் தன்னாட்சி 711 ஆண்டு நீடித்தது.

பேரரசரிடம் பட்டயம் வாங்கப் போனபோது லூபெக்கார்கள் பழைய பத்திரம் ஒன்றையும் கையோடு கொண்டுபோனார்கள். பேரரசரின் பாட்டனார் பார்பரோசா 1188இல் தங்களுக்குக் கொடுத்த சலுகை என்று சொல்லி நீட்டினார்கள். அந்தப் பத்திரத்தில் நகரத்தாரே வேண்டியதைச் சேர்த்துத் திருத்தி எழுதியிருந்தார்கள் என்பது இன்று வரலாற்றாசிரியர்கள் அறிந்த விஷயம். இந்தப் போலிப் பத்திரத்தை மறந்துவிட வேண்டாம். 700 ஆண்டு கழித்து அது திரும்ப வரும்.

உப்பு வந்த வழி

லூனபுர்க் லூபெக்குக்குத் தெற்கே, நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டர் போல. அந்த ஊரே ஒரு உப்புப் பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. நிலத்தடியிலிருந்து எடுத்த செறிவான உப்புநீரை 54 கொட்டகைகளில், கொட்டகைக்கு நான்கு ஈயத் தட்டுகள் என்று வைத்து இரவுபகலாகக் காய்ச்சினார்கள். விறகு எரித்தே சுற்றுவட்டாரக் காடு மெலிந்தது என்பார்கள். ஆலை மூடியது 1980இல்தான்.

முதலில் வண்டிகளில்தான் உப்பு வந்தது. மழைக்காலத்தில் சேற்றில் அச்சு இறங்கிவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான். 1391இல் லூபெக் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கியது. ஸ்டெக்னிட்ஸ் என்ற சிற்றாற்றையும் டெல்வெனாவ் என்ற இன்னொன்றையும் இணைக்க, நடுவில் இருந்த மேட்டை சுமார் 11 கிலோமீட்டருக்குக் குடைந்தார்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் கால்வாய், ஐரோப்பாவில் இந்த வகையில் முதல் சிலவற்றுள் ஒன்று. வழியில் தண்ணீரைத் தேக்கிவைப்பார்கள். படகுகள் வரிசையாகக் காத்திருக்கும். மதகைத் திறந்ததும் பாயும் வெள்ளத்தோடு வெள்ளமாகப் படகுகள் அடுத்த மதகு வரை வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் மறுபடி காத்திருப்பு. ஆற்றோட்டத்துக்கு எதிரே போகும்போது ஆளும் மாடும் கயிறு கட்டி இழுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் பயணம். ஆனாலும் ஒரு படகில் ஏற்றும் உப்புக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று கணக்குப் போட்டால் லாபம் புரியும். 1398 ஜூலையில் முதல் உப்புப் படகுகள் லூபெக்கில் வந்து நின்றன.

மறுமுனையில் மீன். ஸ்வீடனின் தென்கோடியில் இருக்கும் ஸ்கோனே அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது. அங்கே ஸ்கானோர், ஃபால்ஸ்டர்போ என்ற மணல் திட்டுகளுக்கு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாக வரும். ஹெர்ரிங் நம் மத்தி மீனுக்குச் சொந்தக்காரன்தான். அதே மாதிரி கொழுப்பு மீன், அதே மாதிரி சீக்கிரம் கெட்டுப்போகும். பிடித்த ஒன்றிரண்டு நாளுக்குள் செவுளையும் குடலையும் எடுத்து, பீப்பாயில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு என்று அமுக்கிவிட வேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுத்தம் செய்வார்கள். ஒவ்வொரு ஜெர்மன் ஊருக்கும் கரையில் தனித்தனி இடம், அதற்குத் தனி நாட்டாண்மை. ஆண்டின் மற்ற மாதங்களில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாத மணலில், அந்த இரண்டு, மூன்று மாதம் ஒரு நகரமே முளைக்கும்.

அவ்வளவு மீனை யார் சாப்பிட்டார்கள்? திருச்சபை. அதாவது திருச்சபையின் ஒருசந்தி நாட்கள். தவக்காலம், வெள்ளிக்கிழமைகள் என்று ஆண்டில் நூறு நாளுக்கு மேல் இறைச்சி விலக்கு. மீனுக்கு விலக்கு இல்லை. கடலையே பார்த்திராத உள்நாட்டு விவசாயிக்கும் தவக்காலத்தில் பீப்பாய் ஹெர்ரிங்தான் கதி.

ஹான்சா என்றால் என்ன

இங்கேதான் எல்லோரும் கேள்விப்பட்ட 'ஹான்சா' வருகிறது. பாடப்புத்தகங்கள் அதைக் கூட்டணி என்று எழுதிவிட்டுப் போய்விடும். உண்மையில் அது வழவழவென்ற ஒன்று. தொடங்கிய தேதி இல்லை, மன்னர் இல்லை, நிலையான படை இல்லை, பொதுக் கஜானா இல்லை. முதலில் வெளியூர் போகும் வியாபாரிகளின் சாத்துகள். பிறகு அந்த வியாபாரிகளின் ஊர்கள். 1241இல் லூபெக்கும் ஹாம்பர்க்கும் தங்களுக்கு இடையிலான சாலையைக் கொள்ளையரிடமிருந்து காக்க ஒப்பந்தம் போட்டன. மறுபடி அதே 60 கிலோமீட்டர். 1356இல் ஊர்ப் பிரதிநிதிகளின் முதல் பொதுக்கூட்டம் லூபெக்கில் கூடியது. அதற்கப்புறமும் பெரும்பாலும் அங்கேதான். தலைநகரம் என்று யாரும் அறிவிக்கவில்லை. கூட்டம் நடந்த ஊரே தலைநகரம் ஆகிவிட்டது.

லண்டன், புரூஜ், பெர்கன், நோவ்கொரோத் என்று நான்கு இடங்களில் பெரிய கிளைகள். கிழக்கிலிருந்து மெழுகும் மென்மயிர்த் தோலும் தானியமும், மேற்கிலிருந்து துணி, நார்வேயிலிருந்து குளிர்காற்றிலேயே காய்ந்த காட் கருவாடு. பணம் பெருத்த இந்த வியாபாரிகளை ஏளனமாக 'மிளகு மூட்டைகள்' என்று அழைப்பது ஜெர்மனில் இன்றும் வழக்கம். மிளகு நம் மலபார்க் கரையிலிருந்து அரபு, வெனிஸ் வியாபாரிகள் கைமாறிப் போன சரக்கு. அவர்கள் பையில் மிளகைவிட மீன்தான் அதிகம் இருந்திருக்கும், ஆனால் 'மீன் பீப்பாய்' என்று திட்டினால் பணக்காரன் என்ற அர்த்தம் வராது போலிருக்கிறது.

சரக்கைவிட நீடித்து நின்ற ஏற்றுமதி ஒன்று உண்டு. லூபெக்கின் சட்டம். பால்டிக் கரையோரம் புதிது புதிதாக எழுந்த ஏறக்குறைய நூறு ஊர்கள் லூபெக்கின் நகரச் சட்டத்தையே எடுத்துக்கொண்டன. எஸ்டோனியாவின் தாலின் 1248இல் எடுத்துக்கொண்டது. உள்ளூரில் தீராத வழக்கு என்றால் மேல்முறையீடு லூபெக் சபைக்கு.

சண்டை போடாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. டென்மார்க் மன்னர் நான்காம் வால்டெமார் 1361இல் பால்டிக் தீவு ஒன்றில் இருந்த ஹான்சா ஊரான விஸ்பியைப் பிடித்தபோது, இந்தக் கணக்குப்பிள்ளைகள் கப்பற்படை திரட்டினார்கள். 1370இல் ஷ்ட்ரால்சுண்ட் ஒப்பந்தத்தில் அவர்கள் கேட்டு வாங்கியதைப் பாருங்கள்: ஸ்கோனே கரையின் கோட்டைகள் 15 ஆண்டுக்கு, அங்கே வரும் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு. மீன் சந்தைதான் அவர்கள் குறி.

செங்கல்லும் சந்துகளும்

இந்தப் பகுதியின் நிலம் பனியாறுகள் விட்டுப்போன களிமண்ணும் மணலும் உருண்டைக் கற்களும். வெட்டியெடுக்கப் பாறை கிடையாது. தேவாலயம் கட்டவேண்டுமென்றால் களிமண்ணைச் சுட்டுத்தான் ஆகவேண்டும். லூபெக் வியாபாரிகள் பிரான்சின் கோத்திக் பேராலயங்களைப் பார்த்துவிட்டு, அதே உயரத்தைச் செங்கல்லில் எட்ட முடியுமா என்று துணிந்தார்கள். மரியன்னை ஆலயம் 1250 வாக்கில் தொடங்கி நூறு ஆண்டு வளர்ந்தது. உள்கூரை வளைவு தரையிலிருந்து 38.5 மீட்டர், செங்கல் வளைவுகளில் உலகிலேயே இதுதான் உயரம். இரட்டைக் கோபுரங்கள் ஏறக்குறைய 125 மீட்டர். ஆயரின் பேராலயம் ஊரின் தெற்கு மூலையில் இருக்க, நகரசபையாரின் ஆலயம் சந்தைக்குப் பக்கத்திலேயே, அதைவிடப் பெரியதாக. ஊரில் யார் பெரியவர் என்று ஆயருக்குத் தெரியவேண்டும் அல்லவா? பால்டிக்கைச் சுற்றிப் பல ஊர்கள் இந்த ஆலயத்தைப் பார்த்துத்தான் தங்களுடையதைக் கட்டின.

இந்த ஆலயத்தின் ஆர்கனை 1668 முதல் வாசித்தவர் இசையமைப்பாளர் புக்ஸ்டெஹூட். அவர் வாசிப்பதைக் கேட்க பின்னாளில் பெரிய இசைமேதையான பாக் 1705இல், தன் இருபதாவது வயதில், ஆர்ன்ஷ்டாட் ஊரிலிருந்து 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார். நான்கு வாரம் விடுப்பு வாங்கிவந்தவர் நான்கு மாதம் கழித்துத் திரும்பினார். வேலைக்கு வாரிசாக வேண்டுமென்றால் புக்ஸ்டெஹூடின் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை இருந்ததாம்; அதற்கு முன்பே வந்து பார்த்த ஹாண்டலும் நழுவிவிட்டார்.

பெரிய வீடுகளின் முகப்பை மட்டும் பார்த்து ஊரை எடைபோடக் கூடாது. அந்த முகப்புகளுக்கு இடையே தலை இடிக்கும் உயரத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். குனிந்து நுழைந்தால் ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய சந்து. தாண்டினால் பின்கட்டு முற்றத்தில் ஒட்டி ஒட்டி ஓரறை வீடுகள். ஊருக்குள் இடம் தீர்ந்துபோனபோது, வியாபாரிகள் தங்கள் கொல்லைப்புறத்தில் கூலிக்காரர்களுக்குக் கட்டி வாடகைக்கு விட்டவை. சந்து எவ்வளவு குறுகலாக இருக்கலாம் என்பதற்கு ஊரில் ஒரு அளவு சொல்வார்கள்: ஒரு சவப்பெட்டி வெளியே வரவேண்டும். இன்னும் ஏறக்குறைய 90 சந்துகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் வாடகை இப்போது கூலிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது.

இதே ஊரில்தான் 1286இல் பரிசுத்த ஆவி மருத்துவமனை என்ற முதியோர் இல்லமும் எழுந்தது. உள்ளே நீண்ட கூடத்தில் மரத்தடுப்பு வைத்த அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 4 சதுர மீட்டர். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவில் எண். 1970 வரை அவற்றில் முதியவர்கள் வாழ்ந்தார்கள் என்பதை நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மரியன்னைக் கோபுரங்களுக்கு அடுத்து எல்லோரும் படம் எடுப்பது ஹோல்ஸ்டன் வாயிலை. 1478இல் கட்டி முடித்தது. இரண்டு கொழுத்த உருண்டைக் கோபுரங்கள், கூம்புத் தொப்பி. வெளிப்பக்கச் சுவர் 3.5 மீட்டர் தடிமன், ஊர்ப்பக்கம் ஒரு மீட்டர்கூட முழுசாக இல்லை. சபையாரின் சிக்கனம்! சதுப்புத் தரை என்பதால் கட்டும்போதே ஒரு பக்கம் இறங்கத் தொடங்கியது. தென்கோபுரம் இன்றும் சாய்ந்தே நிற்கிறது. ரயில் வந்த காலத்தில் இந்தச் சாய்ந்த சனியனை இடித்துத் தள்ளுங்கள் என்று பலர் கேட்டார்கள். 1863இல் நகரப் பேரவையில் ஒரே ஒரு ஓட்டில் தப்பித்தது. பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் 50 மார்க் நோட்டில் ஏறி, நாடு முழுக்கப் பர்ஸில் இருந்தது.

சுற்றிக்கொண்டு போனவர்கள்

லூபெக்கின் சரிவைச் சொல்ல ஒரு பெரிய போரைத் தேடவேண்டியதில்லை. விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு போக டச்சுக்காரர்கள் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்களின் கப்பல் பெரியது, கூலி மலிவு. ஓரெசுண்ட் நீரிணை வழியாக நேரே பால்டிக்குள் வந்து தானியம் ஏற்றிக்கொண்டு போனார்கள். டென்மார்க் மன்னர் 1429 முதல் அங்கே சுங்கம் போட்டார். கப்பல் அதிகமாக வந்தால் அவருக்குத்தானே வருமானம். சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, மறுபடி இறக்கும் அந்த 60 கிலோமீட்டர் இப்போது வெட்டிச் செலவு ஆகிவிட்டது. போதாக்குறைக்கு ஸ்கோனே கரையில் ஹெர்ரிங் வருவதும் குறைந்துபோனது. லூபெக்கில் மேயராக இருந்த யூர்கன் வுல்லன்வேவர் 1534இல் டென்மார்க்கின் வாரிசுச் சண்டையில் புகுந்து பழைய ஆதிக்கத்தைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தார், தோற்றார், 1537இல் தலை போனது. 1669இல் கடைசி ஹான்சா கூட்டம் லூபெக்கில் கூடியபோது வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்கள்.

19ஆம் நூற்றாண்டின் மங்கிய லூபெக்கைப் பற்றி அங்கேயே பிறந்த தாமஸ் மான் 1901இல் ஒரு நாவல் எழுதினார். ஒரு தானிய வியாபாரக் குடும்பம் நான்கு தலைமுறையில் நொடித்துப்போகும் கதை. ஊர்ப்பேர் எங்கும் வராது, ஆனாலும் யார் யார் என்று உள்ளூரில் பட்டியல் போட்டுக் கைமாற்றிக்கொண்டார்கள். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு கோபம் கொஞ்சம் தணிந்தது.

1895இல் கீல் நகரிலிருந்து எல்பே ஆற்றுக்குக் கப்பல் கால்வாய் திறந்தார்கள். விரலின் அடியிலேயே ஓட்டை போட்டாயிற்று. இரண்டு கடலும் நேரே சேர்ந்துவிட்டன, லூபெக் இல்லாமலேயே. பதிலுக்கு லூபெக் தன் பழைய உப்புக் கால்வாயின் தடத்தில் பெரிதாக ஒன்று வெட்டி 1900இல் திறந்தது. அதை வெட்டும்போதுதான் வடக்குக் கழுத்தையும் அறுத்தார்கள். பழைய ஊர் முழுத் தீவானது அப்போதுதான்.

என் கணிப்பில், இவ்வளவு பழைய வீடு தப்பியதற்கு இந்தத் தேக்கமே பெரிய காரணம். பணம் புரண்ட ஊர்கள் பழசை இடித்துப் புதுசு கட்டின. லூபெக்கார்கள் முகப்புக்கு மட்டும் காலத்துக்கேற்ற பூச்சு பூசிவிட்டு, பின்னால் 13ஆம் நூற்றாண்டுச் சுவரை அப்படியே விட்டுவைத்தார்கள்.

குருத்தோலை ஞாயிறும் அதன் பிறகும்

1937இல் நாஜி அரசு ஒரு சட்டத்தில் லூபெக்கின் 711 ஆண்டுத் தன்னாட்சியை முடித்து, பக்கத்து மாகாணத்தில் சேர்த்துவிட்டது. போருக்குப் பின் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1956இல் அரசியல் சட்ட நீதிமன்றம் முடியாது என்றது.

1942 மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய இரவு, பிரிட்டனின் 234 குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. நெருக்கமான பழைய ஊர், மரச்சட்டங்கள், உலர்ந்த காற்று. தீ வைக்கும் குண்டுகள் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க ஏற்ற இடம் என்றே தேர்ந்தெடுத்தார்கள். 300 பேருக்கு மேல் இறந்தார்கள். பழைய நகரில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. மரியன்னை ஆலயத்தின் தென்கோபுரத்திலிருந்து மணிகள் உருகியும் உருகாமலும் கீழே விழுந்து தரையைப் பிளந்தன. அவற்றை எடுக்கவில்லை. இன்றும் விழுந்த இடத்திலேயே, வெடித்த வாயோடு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. முன்னால் ஒரு கம்பிக் கதவு மட்டும்.

1944இல் கார்ல் யாக்கோப் புர்க்ஹார்ட் என்ற சுவிஸ்காரரின் முயற்சியால், போர்க்கைதிகளுக்கான செஞ்சிலுவைப் பொதிகள் வந்திறங்கும் துறைமுகமாக லூபெக் ஆனது. அதன்பின் பெரிய தாக்குதல் இல்லை. ஆனால் போர் முடிய ஐந்து நாள் இருக்கையில், 1945 மே 3 அன்று, லூபெக் விரிகுடாவில் நின்ற 'காப் ஆர்கோனா' முதலிய கப்பல்களை பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. உள்ளே அடைபட்டிருந்தவர்கள் நாஜி வதைமுகாம்களின் கைதிகள். ஏறக்குறைய 7,000 பேர் இறந்தார்கள். கரையில் எலும்புகள் பல ஆண்டுகள் ஒதுங்கின.

ஆலயத்துக்கு வருவோம். தீயின் வெப்பத்தில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து, அடியில் இடைக்காலச் சுவரோவியங்கள் தெரிந்தன. சீரமைக்க வந்தவர்களில் ஒருவர் லோதார் மால்ஸ்காட். மேல்சுவர்களில் ஓவியம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிஞ்சவில்லை. அவர் தானே புனிதர்களை வரைந்துவிட்டார். 1951இல் ஆலயத்தின் 700ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் அடெனாவர் வந்தார், அறிஞர்கள் மெச்சினார்கள், அரசு தபால்தலை வெளியிட்டது. பேரும் பணமும் தன் முதலாளிக்கே போகிறதே என்று பொறுக்காமல் 1952இல் மால்ஸ்காட், வரைந்தது நான்தான் என்று போய்ச் சொன்னார். யாரும் நம்பவில்லை. தன் மேலேயே வழக்குப் போடவைத்து, 1955இல் 18 மாதத் தண்டனையும் வாங்கினார். ஆலயத்துப் புனிதர்களைக் கழுவித் துடைத்துவிட்டார்கள்.

போலி என்றதும் 1188 பத்திரம் ஞாபகம் வரவேண்டும். ட்ராவே கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் டாசோ ஏரி என்று ஒரு நீர்ப்பரப்பு. கரை பக்கத்து மாநிலமான மெக்லன்பர்க்குக்குச் சொந்தம். தண்ணீர் யாருக்கு? 1890இல் ஜெர்மன் பேரரசின் உச்ச நீதிமன்றம் பழைய உரிமைகளைப் புரட்டிப் பார்த்து, கரை வரை தண்ணீர் முழுதும் லூபெக்குக்கே என்றது. பார்பரோசா சலுகைக்கும் அதில் பங்கு உண்டு. 1949இல் ஜெர்மனி இரண்டானபோது லூபெக் மேற்கில், மெக்லன்பர்க் கிழக்கில். ஆக எல்லைக்கோடு ஏரிக்கு நடுவே போகாமல் கிழக்குக் கரையின் ஓரத்திலேயே போயிற்று. டாசோ ஊர்க்காரர்கள் கால் நனைத்தால் மேற்கு ஜெர்மனி. கிழக்கு அரசு என்ன செய்தது? கரையில் சுவர் எழுப்பியது. ஏரிக்கரையில் வாழ்ந்தவர்கள் பல ஆண்டுகள் ஏரியைப் பார்க்கவில்லை.

எல்லைக்கோட்டையே ஒட்டியிருந்த ஒரே பெரிய மேற்கு ஜெர்மன் நகரம் லூபெக்தான். கிழக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளால் போர் முடிந்ததும் ஊர் பிதுங்கியது; ஆனால் பழைய சந்தைகள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். கிழக்கோடு பேச்சு நடத்தி 1971இல் அமைதிக்கான நோபல் வாங்கிய வில்லி பிராண்ட் இந்த ஊரில் பிறந்தவர். 1989 நவம்பர் 9 இரவு ஷ்லூட்டுப் எல்லைச் சாவடி திறந்தபோது, புகை கக்கும் டிராபன்ட் கார்கள் வரிசையாக ஊருக்குள் வந்தன. வேலி இருந்த தடத்தில் மனிதக் கால் படாமல் நாற்பது ஆண்டு வளர்ந்த காடு, வாக்கெனிட்ஸ் ஆற்றின் கரையில் இப்போது படகுச் சவாரிக்காரர்களின் இடம்.

1987இல் யுனெஸ்கோ பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்புறம் சுற்றுலா, மார்சிபான். பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிசையும் இந்த இனிப்பை, 1407 பஞ்சத்தில் மாவு தீர்ந்து கிடங்கில் பாதாம் மட்டும் இருந்ததால் இங்கேதான் கண்டுபிடித்தார்கள் என்று கதை சொல்லி விற்பார்கள். பஞ்ச காலத்தில் பாதாம் இருந்த ஊரை நினைத்துப் பாருங்கள். கதை பொய்யாக இருக்கலாம். அந்த ஊரின் மனசு அதில் இருக்கிறது.

சுற்றிக்கொண்டு போகும் கதை முடிந்துவிடவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து லூபெக் வழியாக, கப்பலில் ஏறி இறங்கி கோபன்ஹேகன் போன ரயில் 2019 டிசம்பரோடு நின்றது. இப்போது ஜட்லாந்து வழியே போகிறது. மறுபுறம், ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவுக்கும் டென்மார்க்குக்கும் இடையே கடலடியில் 18 கிலோமீட்டர் சுரங்கம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது திறந்தால் ரயில் மறுபடி லூபெக் வழியாக வரும். ட்ராவெமுண்டே துறைமுகத்தில் கப்பல் ஏறும் லாரிகளில் ஒரு பகுதியைச் சுரங்கம் இழுத்துக்கொள்ளவும் கூடும்.

இப்போதைக்கு லாரிகள் அங்கேதான் வரிசை கட்டுகின்றன. பின்லாந்திலிருந்து காகித உருளைகள் வந்திறங்குகின்றன. மாலையில் ஸ்வீடன் கப்பல்கள் கிளம்புகின்றன, ஒன்று மால்மோவுக்கு, ஒன்று ட்ரெல்லபோர்குக்கு. இரண்டும் ஸ்கோனேயில்தான் இருக்கின்றன. அந்த இரண்டு துறைமுகங்களுக்கும் நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மூக்கில், இன்று விடுமுறை வீடுகளும் கோல்ஃப் மைதானமுமாக இருக்கின்றன ஸ்கானோரும் ஃபால்ஸ்டர்போவும்.